யுவெண்டுமுல பெட்ரோலை நிறுத்தினது யாரு

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். ஆஸ்திரேலிய பழங்குடி மக்களைப் பத்தி எங்க பேச்சை எடுத்தாலும் "அவங்களும் தமிழங்க தான், பூமராங்னா நம்ம வளரி"ன்னு ஒருத்தர் வந்துருவார். அதை இன்னிக்கு ஓரமா வெச்சிருங்க. இது ஒரே ஒரு ஊரோட கதை. அங்க பிள்ளைங்க பெட்ரோல் மோந்து நாசமாயிட்டு இருந்தப்ப அதை யார் நிறுத்தினாங்க, எப்படி நிறுத்தினாங்க, நிறுத்தினதுக்கு அப்புறம் என்ன ஆச்சு, இதான் விஷயம். நான் அந்த ஊருக்குப் போனதில்ல. சமூகப்பணி படிச்ச காலத்துல இருந்து விடாம படிச்சிட்டு வர்றேன், அவ்வளவு தான் என் தகுதி.

ஊர் பேரு யுவெண்டுமு. ஆஸ்திரேலியாவுக்கு நட்ட நடுவுல ஆலிஸ் ஸ்ப்ரிங்ஸ்னு ஒரு டவுன் இருக்கு, அங்கிருந்து தானமி ரோட்டுல வடமேற்கா சுமார் 290 கிலோமீட்டர். செம்மண்ணு, ஸ்பினிஃபெக்ஸ் புல்லு, முல்கா மரம், ஆயிரத்துக்கும் கம்மியான ஜனம். பெரும்பாலும் வார்ல்பிரிங்கற பழங்குடி மக்கள். தங்களை யாப்பானு சொல்லிக்குவாங்க, வெள்ளைக்காரங்க கார்டியா. அவங்க மொழியில ட, ண, ள மாதிரி நாக்கை மடிச்சு சொல்ற ஒலிங்க நிறைய, அதனால இங்கிலீஷ்காரங்களை விட நமக்கு அந்த பேருங்க வாயில நுழையும். நமக்கும் அவங்களுக்கும் சம்பந்தம்னு நான் சொல்றது இதோட சரி, இன்னொண்ணு கீழ வரும்.

1993, 94 வாக்குல இந்த ஊர்ல சுமார் எழுபது பிள்ளைங்க பெட்ரோல் மோந்துட்டு இருந்தாங்க. ஊர்ல இருந்த டீனேஜ் பசங்கள்ல பாதி. பெட்ரோல் ஆவி நுரையீரல் வழியா நேரா மூளைக்குப் போகும், சில நிமிஷத்துல கிறுகிறுன்னு வரும், பசி தெரியாது, குளிர் தெரியாது (பாலைவனம்னா எப்பவும் சூடுன்னு நினைக்காதீங்க, ஜூன் ஜூலை ராத்திரியில அங்க பல்லு தந்தி அடிக்கும்). கொஞ்ச வருஷம் போனா நடை தள்ளாடும், ஞாபகம் போகும், ஃபிட்ஸ் வரும். அந்த காலத்து பெட்ரோல்ல ஈயம் வேற இருந்துச்சு. இதுல ரொம்ப கொடுமை என்னன்னா மோந்துட்டு இருக்கிற பையனை துரத்திப் பிடிக்கப் போனா அந்த ஓட்டத்துலயே இதயத் துடிப்பு தாறுமாறாகி நின்னு போகலாம். அடிக்கவும் முடியாது, துரத்தவும் முடியாது. கையில பெட்ரோல் டின் வெச்சிருக்கிற பிள்ளை கோவத்துல கொளுத்திருவானோன்னு பெத்தவங்களுக்கே பயம். ராத்திரியானா கூட்டமா கடையை உடைக்கிறது, கிளினிக்கை உடைக்கிறது, ஸ்கூலை உடைக்கிறது.

இந்த இடத்துல வழக்கமா வர்ற கேள்வி "பெத்தவங்க என்ன பண்ணிட்டு இருந்தாங்க?" அதுக்கு பதில் சொல்லணும்னா மூணு தலைமுறை பின்னாடி போகணும்.

1994ல மோந்துட்டு இருந்த பதினாலு வயசு பையன் ஒருத்தனை மனசுல வெச்சுக்கங்க. அவன் கொள்ளுத்தாத்தா தலைமுறை பாத்தது 1928. அப்ப கடும் வறட்சி, கொஞ்ச நஞ்சம் இருந்த ஊத்துத் தண்ணிக்கும் வெள்ளைக்காரங்க மாடும் ஜனங்களும் போட்டி. ஆகஸ்ட்ல ஃபிரெட் ப்ரூக்ஸ்னு டிங்கோ நாய் பிடிக்கிற ஒரு ஆளை ஒரு ஊத்துக்கிட்ட கொன்னுட்டாங்க. கான்ஸ்டபிள் ஜார்ஜ் முர்ரேனு ஒருத்தர் குதிரைக் கூட்டத்தோட கிளம்பி வாரக்கணக்கா சுட்டுத் தள்ளினார். கோனிஸ்டன் படுகொலைன்னு சொல்றது இதைத் தான். சர்க்கார் விசாரணை 31 பேர் செத்ததா சொல்லி, எல்லாமே நியாயமான சூடுதான்னு கையெழுத்து போட்டு மூடிருச்சு. வார்ல்பிரி குடும்பங்களும் பக்கத்து இனங்களான அன்மட்ஜெர், கெய்டெட்ஜ் குடும்பங்களும் சொல்ற கணக்கு அதைப் போல பல மடங்கு. தப்பிச்ச ஜனம் நாலா பக்கமும் சிதறிச்சு. சின்ன வயசுல இதைப் பாத்து ஓடினவங்க தான் பின்னாடி யுவெண்டுமுவோட கிழவன் கிழவி.

தாத்தா தலைமுறைக்கு வந்தா 1946. சர்க்கார் யுவெண்டுமுவை ரேஷன் டிப்போவா ஆரம்பிக்குது, மறு வருஷம் பாப்டிஸ்ட் மிஷன் வருது. நடந்து திரிஞ்ச ஜனத்தை ஒரே இடத்துல உக்கார வெச்சு மாவு, சக்கரை, டீத்தூள். கூட்டம் அதிகமாயிருச்சுன்னு கொஞ்சம் பேரை லாரியில ஏத்தி வடக்க ஹூக்கர் க்ரீக்குல கொண்டு போய் இறக்கினாங்க, இன்னிக்கு லஜமானுனு சொல்ற ஊர் அது. இறக்கி விட்ட ஜனத்துல நிறைய பேர் நூத்துக்கணக்கான கிலோமீட்டர் நடந்தே திரும்பி வந்துட்டாங்க, மறுபடி ஏத்தி அனுப்பினாங்க. அப்பா தலைமுறைக்கு 1964ல குடிக்கிற உரிமை கிடைச்சுது, 1968 கடைசியில மாட்டுப் பண்ணையில சம கூலி வந்துச்சு. சம கூலி நியாயம் தான், ஆனா முழு கூலி குடுக்கணும்னா ஆளே வேண்டாம்னு பண்ணைக்காரங்க அனுப்பிட்டாங்க, குதிரை மேல கம்பீரமா மாடு ஓட்டின ஆம்பளைங்க வேலையில்லாம வந்து உக்காந்தாங்க.

ஆக அந்த பையன் பிறக்கிறப்ப அவனைச் சுத்தி முடிவு எடுக்கிற வேலை எல்லாமே வேற யாரோ கிட்ட இருந்துச்சு. சாப்பாடு கடையில, சட்டம் போலீஸ் கிட்ட, படிப்பு ஸ்கூல்ல, நோவு கிளினிக்குல. பெத்தவங்களுக்குனு மிச்சம் இருந்தது அன்பு மட்டும் தான். வார்ல்பிரி வளர்ப்புல இன்னொரு சங்கதியும் உண்டு, சின்னப் பிள்ளையோட இஷ்டத்தை பெரியவங்க ரொம்ப மதிப்பாங்க, அவனுக்கு அவனே எசமான்ங்கற மாதிரி. காட்டுல அது நல்ல வளர்ப்பு, ஏன்னா பதினாலு பதினஞ்சு வயசுல சடங்கு வந்துரும், பெரியவங்க அவனைக் கூட்டிட்டுப் போய் ஆளாக்கிருவாங்க. ஒரே ஊர்ல எண்ணூறு பேரை அடைச்சு வெச்சு பக்கத்துலயே பெட்ரோல் பங்க் இருக்கிறப்ப அதே வளர்ப்பு பிள்ளையை காப்பாத்தலை.

அப்ப யார் நிறுத்தினது? போலீஸ் இல்ல, டாக்டர் இல்ல. பாட்டிங்க.

ஒரேயடியா பாட்டிங்கன்னு சொன்னா மத்தவங்க கோச்சுக்குவாங்க, சரியா சொல்லிடறேன். பெகி நம்பிஜின்பா பிரவுன்னு ஒரு மூதாட்டி, ஜானி ஜபங்கார்டி மில்லர்னு ஒரு பெரியவர், கூட ஆண்ட்ரூ ஸ்டோயனோவ்ஸ்கினு ஒரு வெள்ளைக்கார இளைஞர், இவங்களைச் சுத்தி நிறைய பேர். 90கள் தொடக்கத்துலயே அந்த ஊர்ல பொம்பளைங்க ராத்திரி ரோந்து ஆரம்பிச்சிருந்தாங்க, வயசான பொம்பளைங்க கையில தடியோட நடந்தே போய் குடிச்சிட்டு வர்றவங்களை வழிமறிக்கிறது. அந்த தைரியம் ஏற்கனவே இருந்துச்சு. 1994ல ஊர் கூட்டம் போட்டு பேசினப்ப வந்த முடிவு ரொம்ப எளிசு: மோக்கிற பிள்ளைங்களை மவுண்ட் தியோவுக்கு கூட்டிட்டுப் போயிருவோம்.

மவுண்ட் தியோ யுவெண்டுமுல இருந்து சுமார் 150 கிலோமீட்டர். ஒரு போர்வெல், நாலஞ்சு கொட்டகை, சுத்தி காடு. நல்ல ரோட்டுக்கு வரணும்னாலே அம்பது கிலோமீட்டர். வேலி வேண்டாம், பூட்டு வேண்டாம், ஓடிப் போறதுக்கு இடமே இல்ல. பெட்ரோலும் கிடைக்காது. அங்க பெகியும் அவங்க குடும்பமும் பிள்ளைங்களை வெச்சு சோறு போட்டு தூங்க வெச்சு, காலையில உடும்பு வேட்டைக்கு கூட்டிட்டுப் போய், விறகு பொறுக்க வெச்சு, சாயங்காலம் நெருப்பைச் சுத்தி உக்காந்து அந்த மண்ணோட ஜுகுர்பா கதைங்களை சொல்லுவாங்க. ஜுகுர்பானா இங்கிலீஷ்ல கனவுக் காலம்னு மொழிபெயர்ப்பாங்க, எனக்கு அந்த மொழிபெயர்ப்பு பிடிக்கிறதில்ல, கனவும் இல்ல காலமும் இல்ல, இந்த இடம் எப்படி உண்டாச்சு, இதுக்கு யார் பொறுப்பு, இங்க எப்படி நடந்துக்கணும்னு மண்ணுலயே எழுதி வெச்ச சட்டம் அது. ஒரு மாசம், சில பேர் இன்னும் கூட, உடம்பு தேறினதும் திரும்ப ஊருக்கு. மறுபடி மோந்தா மறுபடி மவுண்ட் தியோ. அலுக்காம.

சிகிச்சைன்னு பாத்தா இதுல பெருசா ஒண்ணும் இல்ல. மருந்து கிடையாது, கவுன்சிலிங் ரூம் கிடையாது. ஆனா வேலை செஞ்சுது. ஏன்னு யோசிக்கிறது தான் இந்த கேஸோட சாரம்னு நினைக்கிறேன்.

யாருக்கு யாரைத் திட்ட உரிமை இருக்குங்கறது முதல் விஷயம். வார்ல்பிரி ஜனத்துல எட்டு 'ஸ்கின்' பிரிவு, ஆம்பளைக்கு ஜ, பொம்பளைக்கு ந, ஆக பதினாறு பேரு. ஜங்காலா, நங்காலா, ஜகமாரா, நகமாரா இப்படி. பிறக்கிறப்பவே ஒட்டிக்கும், அதை வெச்சு ஊர்ல இருக்கிற ஒவ்வொருத்தரும் உனக்கு என்ன முறைன்னு தெரிஞ்சிரும். மேல சொன்ன இன்னொரு சம்பந்தம் இது தான்: அம்மாவோட அக்கா தங்கச்சியும் அம்மா தான், அப்பாவோட அண்ணன் தம்பியும் அப்பா தான், அம்மாவோட அண்ணன் தம்பி மட்டும் மாமன். பெரியம்மா சித்தப்பானு சொல்லி வளர்ந்த நமக்கு இது ஒண்ணும் புதுசில்ல, ஆனா தலைநகர் கான்பெராவுல இருக்கிற அதிகாரிக்கு இது தலைகால் புரியாது. அவர் ஃபாரத்துல 'பெற்றோர் பெயர்'னு ஒரே ஒரு கட்டம். அம்மா சொல்லி கேக்காத பையன் கிட்ட யார் பேசணும், மாமன் பேசணுமா, தாத்தா பேசணுமா, எந்த அக்கா முன்னாடி அவன் தலை நிமிரவே கூடாது, மாமியார் முறை ஆகிற பொம்பளை இருக்கிற பக்கமே ஏன் வண்டியில உக்கார வைக்கக் கூடாது, இதெல்லாம் பெகி மாதிரி ஆளுக்கு தூக்கத்துல எழுப்பி கேட்டாலும் தெரியும். வந்து சேர்ற வெள்ளைக்கார யூத் ஒர்க்கருக்கும் ஒரு ஸ்கின் பேரு குடுத்துருவாங்க. இல்லன்னா அவர் யாருக்கும் யாருமில்ல, அவர் பேச்சை எவனும் கேக்க மாட்டான்.

ரெண்டாவது, மண்ணு. ஒரு இடத்துக்கு அப்பா வழியில சொந்தம் வர்றவங்க கிர்டா, அம்மா வழியில வர்றவங்க குர்டுங்குர்லு, முதலாமவங்க உரிமைக்காரங்க, ரெண்டாமவங்க அந்த உரிமை ஒழுங்கா நடக்குதான்னு கண்காணிக்கிறவங்க. ரெண்டு தரப்பும் சேர்ந்தா தான் எதுவும் நடக்கும். மவுண்ட் தியோ அப்படி உரிமை பட்ட குடும்பத்தோட இடம், அங்க போற பையன் அந்த குடும்பத்துக்கு விருந்தாளி. ஜெயில்ல வார்டனை ஏமாத்தினா கெத்து. பாட்டியோட மண்ணுல பாட்டியை ஏமாத்தினா அசிங்கம்.

மூணாவதை ஜனங்க அதிகம் பேசறதில்ல, எனக்கு அது தான் ரொம்ப முக்கியமா படுது. மவுண்ட் தியோ பாதி வேலை தான், மீதி பாதி யுவெண்டுமுல நடந்துச்சு. ஒவ்வொரு சாயங்காலமும் ஏதாவது ஒண்ணு: ஃபுட்பால், பாஸ்கெட்பால், டிஸ்கோ. மோக்கிறவனுக்கு அதுல இடமில்ல. பெட்ரோல் மோக்கிறது ராத்திரி விளையாட்டு, கூட்டா பண்ற வேலை, அதுக்கு போட்டியா அதே நேரத்துல அதே கூட்டத்துக்கு வேற விளையாட்டு. தொடக்கத்துல சர்க்கார் காசு கிட்டத்தட்ட கிடையாது, ஊர்லயே திரட்டி ஓட்டினாங்க. ஒருத்தன் மோந்தான்னு தெரிஞ்சா அன்னிக்கே வண்டி கிளம்பிரும். அடுத்த வாரம் கமிட்டி கூடி முடிவு பண்ணுவோம்ங்கற கதையே இல்ல.

2002க்குள்ள யுவெண்டுமுல தொடர்ந்து மோக்கிற பிள்ளைன்னு ஒருத்தரும் இல்ல. எழுபதுல இருந்து பூஜ்யம், எட்டு வருஷத்துல. அப்பப்ப வேற ஊர்ல இருந்து வர்ற பசங்களால மறுபடி தலைகாட்டும், உடனே அமுக்கிருவாங்க. 2007ல பெகி, ஜானி, ஆண்ட்ரூ மூணு பேருக்கும் ஆர்டர் ஆஃப் ஆஸ்திரேலியா பதக்கம் குடுத்தாங்க.

தேதியை கவனிங்க, ஏன்னா இதுல ஒரு வாதம் வரும். "ஓபல் பெட்ரோல் வந்ததால தானே நின்னுச்சு?" ஓபல்னா மோந்தா போதை ஏறாத மாதிரி நறுமண ஹைட்ரோகார்பனை குறைச்சு பி.பி. கம்பெனி செஞ்ச எரிபொருள், மத்த ஊர்கள்ல அது பெரிய மாற்றத்தை கொண்டு வந்துச்சு, 2013ல அதுக்கு தனிச் சட்டமே போட்டாங்க. நல்ல விஷயம், நான் குறை சொல்லலை. ஆனா அது வந்தது 2005. அதே 2005ல மூணு பேர் மோந்து செத்ததைப் பத்தி, உலுருங்கற பெரிய செம்பாறைக்குப் பக்கத்துல இருக்கிற முடிஜுலு ஊர்ல மரண விசாரணை நடந்துட்டு இருந்துச்சு. யுவெண்டுமு அதுக்கு மூணு வருஷம் முன்னாடியே ஓபல் இல்லாமலே முடிச்சிருச்சு. சாமானை மாத்தறதும் ஊரை மாத்தறதும் வேற வேற வேலை, ரெண்டும் வேணும், ஆனா சர்க்காருக்கு முதலாவது தான் பிடிக்கும், டெண்டர் விட்டா முடிஞ்சுது.

பெட்ரோல் நின்னதும் அடுத்த கேள்வி வந்துச்சு. சரி, இப்ப என்ன? மோக்காத பையனுக்கு என்ன வேலை இருக்கு? 2003ல ஜாரு பிர்ஜிர்டினு ஒரு திட்டம், 'உறுதியான குரல்'னு அர்த்தம். இளைஞர்களே யூத் ஒர்க்கர் ஆகிறது, அதுல முன்னாடி மோந்துட்டு இருந்தவங்களும் உண்டு. ஒரு காலத்துல தண்ணி தெளிச்சு விட்ட பசங்க தான் இப்ப சின்னப் பிள்ளைங்களுக்கு சாயங்கால விளையாட்டு நடத்தறாங்க. 2008ல முழு அமைப்பும் வார்ல்பிரி யூத் டெவலப்மெண்ட் அபாரிஜினல் கார்ப்பரேஷன்னு ஆச்சு, நிர்பி, வில்லோரா, லஜமானுனு மத்த வார்ல்பிரி ஊர்களுக்கும் போச்சு. ஊர்ல நீச்சல் குளம் வந்ததும் அந்த வருஷம் தான், பாலைவனத்துல நீச்சல் குளம்னா குழந்தைங்களுக்கு சொர்க்கம் தானே. காசு ஒரு பங்கு தங்கத்துல இருந்து வருது: தானமி பாலைவனத்துல கிரானைட்ஸ் சுரங்கம், அதோட ராயல்டியில ஒரு பகுதியை 2005ல இருந்து படிப்புக்குன்னு தனி அறக்கட்டளையா ஒதுக்கி வெச்சது வார்ல்பிரி பொம்பளைங்க முன்னெடுத்த வேலை. ஆளுக்கு ஆள் பிரிச்சு வாங்கிட்டுப் போயிருக்கலாம். கையில காசு இருக்கிறவன் கிட்ட சொந்தக்காரன் கேட்டா இல்லைனு சொல்ல முடியாத ஊர்ல (அதுக்கு அங்க ஹம்பக்னு பேரு, செம வார்த்தை) பொதுப் பணத்தை பூட்டி வைக்கிறது லேசுப்பட்ட காரியம் இல்ல.

இது வரைக்கும் வெற்றிக் கதை. இங்கயே நிறுத்தினா நான் பொய் சொன்ன மாதிரி ஆயிரும்.

2007 ஜூன் 21. பிரதமர் ஜான் ஹோவர்டும் மந்திரி மால் பிரப்பும் நார்தர்ன் டெரிடரியில (யுவெண்டுமு இருக்கிற, மாநிலம் மாதிரியான பகுதி) 'அவசர நடவடிக்கை' அறிவிச்சாங்க. குழந்தைங்க மேல பாலியல் கொடுமை நடக்குதுன்னு ஒரு அறிக்கை வந்திருந்துச்சு, அது நிஜமான கவலை. ஆனா செஞ்சது என்னன்னா ராணுவத்தை அனுப்பி, இனப் பாகுபாடு தடைச் சட்டத்தை நிறுத்தி வெச்சு, எல்லாரோட உதவித்தொகையிலயும் பாதியை பிடிச்சு அத்தியாவசிய சாமான் மட்டும் வாங்கற பேசிக்ஸ் கார்டுனு ஒரு அட்டையில போட்டாங்க. ஒவ்வொரு ஊர் வாசல்லயும் நீலக் கலர்ல பெரிய போர்டு, இங்க சாராயமும் ஆபாசப் படமும் தடைன்னு. பெட்ரோலை நிறுத்தின யுவெண்டுமு வாசல்லயும் அதே போர்டு. பெகிக்கு பதக்கம் குடுத்த அதே வருஷம். மறு வருஷம் ஊர் கவுன்சில்களை கலைச்சு ஷையர்னு சொல்ற பெரிய வட்டார கவுன்சில்ல சேத்தாங்க. யுவெண்டுமு ஸ்கூல்ல 1974ல இருந்து வார்ல்பிரியும் இங்கிலீஷும் சேர்த்து சொல்லிக் குடுத்துட்டு இருந்தாங்க, 2008 கடைசியில டெரிடரி அரசாங்கம் முதல் நாலு மணி நேரம் இங்கிலீஷ் தான்னு உத்தரவு போட்டுச்சு. தாய்மொழியில பேசற தாத்தா பாட்டியை கிளாஸ்ரூமுக்குள்ள வர வெக்கிற ஏற்பாடு அது, அதைத் தான் சுருக்கினாங்க.

சரி, எல்லா பழியும் கான்பெரா மேல போட முடியுமா? முடியாது. எந்த உறவு முறை பையனை காப்பாத்துதோ அதே உறவு முறை பழி வாங்கவும் கூப்பிடும். 2010ல ஒரு இளைஞர் கொலையாகி, ரெண்டு குடும்பக் கூட்டத்துக்கு நடுவுல சண்டை மூண்டு, வீடு கொளுத்தி வண்டி கொளுத்தி, சுமார் நூறு பேர் பஸ் பிடிச்சு அடிலெய்டு வரைக்கும் ஓடினாங்க. சண்டை வருஷக்கணக்கா இழுத்துச்சு, அப்புறம் ஊர்க்காரங்களே மத்தியஸ்தக் குழு வெச்சு பேசித் தான் அடங்குச்சு. பெட்ரோல் போன இடத்துல கஞ்சா வந்துச்சு, டவுனுக்குப் போய் குடிக்கிறது இருக்கு. ஒரு போதையை விரட்டினா அதுக்கு அடியில இருக்கிற வெறுமை காலியாயிடாது.

அப்புறம் கிட்னி. இதுக்கும் இளைஞர்களுக்கும் என்ன சம்பந்தம்னு கேப்பீங்க. மத்திய ஆஸ்திரேலியாவுல பழங்குடி மக்களுக்கு சிறுநீரகம் செயலிழக்கிறது ரொம்ப அதிகம். டயாலிசிஸ்னா வாரத்துக்கு மூணு தடவை, மெஷின் ஆலிஸ் ஸ்ப்ரிங்ஸ்ல. ஆக பாட்டி 290 கிலோமீட்டர் தள்ளி போய் நிரந்தரமா உக்காந்துருவாங்க, பேரன் பாட்டியைத் தேடி டவுனுக்கு வருவான், பாட்டி தங்கிற இடத்துல அவனுக்கு படுக்க இடமில்ல, ராத்திரி தெருவுல சுத்துவான், போலீஸ் கண்ணுல படுவான். 'ஆலிஸ் ஸ்ப்ரிங்ஸ் தெருவுல சுத்தற பசங்க'னு டிவியில காட்டறாங்களே, அதுல பாதிக் கதை இப்படி எங்கயோ ஆரம்பிக்குதுன்னு எனக்கு தோணும். 2010 வாக்குல யுவெண்டுமுலயே டயாலிசிஸ் மெஷின் வந்துச்சு, அதுக்கும் சுரங்கக் காசு உதவி பண்ணுச்சு. கிட்னி மெஷினை யூத் ப்ரோக்ராம்னு யாரும் கணக்குல எழுத மாட்டாங்க, நான் எழுதுவேன்.

காது இன்னொண்ணு. இந்த தூரத்து ஊர்கள்ல குழந்தைங்களுக்கு நடுக்காது சீழ் ரொம்ப சகஜம், கூட்டமா ஒரே வீட்டுல இருக்கிறதால கைக்குழந்தையிலயே ஆரம்பிச்சிரும், கேக்கிற சக்தி குறையும். கிளாஸ்ல டீச்சர் சொன்னது காதுல விழலை, பையன் திரும்பலை, திமிர்னு பேரு. பத்து வருஷம் கழிச்சு போலீஸ் "நில்லு"ங்கறப்ப அவன் நிக்கலை. அப்பவும் திமிர்னு தான் பேரு.

2019 நவம்பர் 9. பத்தொன்பது வயசு வார்ல்பிரி இளைஞர், இப்ப அவரை குமன்ஜாயி வாக்கர்னு சொல்றாங்க. குமன்ஜாயிங்கறது அவர் பேரு இல்ல, செத்தவங்க பேரைச் சொல்லக் கூடாதுங்கறதால அந்த இடத்துல வெக்கிற சொல். கோர்ட் உத்தரவை மீறி ஆலிஸ் ஸ்ப்ரிங்ஸ்ல இருந்த போதை மறுவாழ்வு இடத்துல இருந்து கிளம்பி ஊருக்கு வந்திருந்தார், தாத்தா முறை ஆகிறவரோட சாவு. உள்ளூர் போலீஸ் சார்ஜண்ட் போட்ட திட்டம், சாவுச் சடங்கு முடியட்டும், மறுநாள் விடியக்காலை அஞ்சு மணிக்கு அமைதியா பிடிச்சுக்கலாம்னு. அன்னிக்கு சாயங்காலமே டவுன்ல இருந்து வந்த ஆயுதப் போலீஸ் குழு வீட்டுக்குள்ள போச்சு. வாக்கர் கத்தரிக்கோலால ஒரு போலீஸ்காரரை குத்தினார், அந்தப் போலீஸ்காரர் மூணு தடவை சுட்டார். நர்சுங்க திருட்டு பயத்துல அன்னிக்கு காலையில தான் ஊரை விட்டு போயிருந்தாங்க, கிளினிக் காலி. போலீஸ் ஸ்டேஷன்லயே செத்தார். 2022 மார்ச்ல சுட்டவர் எல்லா குற்றச்சாட்டுலயும் விடுதலை. மரண விசாரணை அதுக்கப்புறம் வருஷக்கணக்கா நடந்து, 2025 ஜூலை 7 அன்னிக்கு நீதிபதி எலிசபெத் ஆர்மிடேஜ் யுவெண்டுமுக்கே வந்து முடிவை வாசிச்சாங்க: சுட்டவர் இனவெறி உள்ளவர், அவர் வேலை பாத்த அமைப்புலயும் அதோட அடையாளம் இருக்கு, அந்த சாவு தவிர்த்திருக்கக் கூடியது. முதல்ல ஜூன்ல வாசிக்கிறதா இருந்துச்சு. மே மாசக் கடைசியில யுவெண்டுமுவைச் சேர்ந்த இன்னொரு இளைஞர், 24 வயசு, ஆலிஸ் ஸ்ப்ரிங்ஸ் சூப்பர்மார்க்கெட்ல போலீஸ் அமுக்கிப் பிடிச்சப்ப செத்துட்டார், ஊர் துக்கத்துல இருந்ததால தள்ளி வெச்சாங்க.

நான் இந்த சம்பவத்தை திரும்பத் திரும்ப படிக்கிறப்ப துப்பாக்கியை விட அந்த அஞ்சு மணி தான் என்னை உறுத்துது. சடங்கு முடியட்டும்னு காத்திருக்கிறது, மவுண்ட் தியோவுல 1994ல இருந்து நடந்ததும் அதே தான், யார் கூப்பிடணும், எப்ப கூப்பிடணும், எந்த முறை ஆள் கூட இருக்கணும். அதை அந்த உள்ளூர் திட்டம் கொஞ்சமாவது மதிச்சுது. அவசரப்பட்டவங்களுக்கு அது வெறும் தாமதமா தெரிஞ்சுது. அதுக்கு பதினஞ்சு மாசம் முன்னாடி தான், 2018 ஆகஸ்ட்ல, டெரிடரி போலீஸ் கமிஷனர் கோனிஸ்டன் நடந்த இடத்துக்கே வந்து 90 வருஷத்துக்கு அப்புறம் மன்னிப்பு கேட்டுட்டுப் போயிருந்தார்.

இப்ப டெரிடரியில காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னா, குற்றப் பொறுப்பு வயசை 2023ல பத்துல இருந்து பன்னெண்டா ஏத்தினாங்க, 2024 அக்டோபர்ல புது அரசாங்கம் வந்து மறுபடி பத்துக்கு இறக்கிருச்சு. பத்து வயசு. நாலாங்கிளாஸ் பிள்ளை. டெரிடரி ஜனத்தொகையில பழங்குடி மக்கள் சுமார் முப்பது சதவீதம், ஆனா சிறுவர் காவல்ல உள்ள இருக்கிற பிள்ளைங்க கிட்டத்தட்ட எல்லாருமே அவங்க தான். அந்தக் காவலுக்கு ஆகிற செலவுல எத்தனை மவுண்ட் தியோ நடத்தலாம்னு கணக்கு போட எனக்கு கை வரும், ஆனா காசு மட்டும் குடுத்தா மவுண்ட் தியோ வந்துராது. அதுக்கு ஒரு கிழவி வேணும், அந்த மண்ணுக்கு உரிமைப்பட்ட குடும்பம் வேணும், அவங்க சொன்னா அடங்கற பையன் வேணும், எல்லாத்துக்கும் மேல அவங்க சொல்றதுக்கு குறுக்க நிக்காத ஒரு சர்க்கார் வேணும்.

1994ல அந்த வண்டியில ஏத்திட்டுப் போன பதினாலு வயசு பசங்களுக்கு இப்ப நாப்பத்தஞ்சு வயசுக்குப் பக்கம். சில பேர் தாத்தா பாட்டியே ஆகிட்டாங்க. ஒரு பிள்ளை ராத்திரி வீடு வரலைன்னா இனி வண்டியை எடுத்துட்டு தேடிப் போற முறை அவங்களோடது.